வால்வு எந்தப் பக்கம்

வழிகாட்டிகளுக்கான பயிற்சி
ஒரு சனிக்கிழமை, இரண்டரை மணி நேரம்.
பிட்சா தந்தார்கள், ஒரு நீலக் கோப்பும்.
முதல் பக்கத்தில்:
தீர்வு சொல்லாதீர்கள், கேள்வி கேளுங்கள்.
அடிக்கோடிட்டுக்கொண்டேன்.
எனக்கு இருபத்தேழு வயது,
கல்லூரிக் கணக்குப் பிரிவில் ரசீது போடுகிறவன்.

எனக்கு ஒதுக்கியவர் லோரீன் ஹகாலா.
நாற்பத்து மூன்று.
வெப்பமூட்டல், குளிர்பதனம், இரண்டாம் பருவம்.
காகித ஆலை கேன்டீனில்
பதினாறு வருடம் முட்டை பொரித்தவர்.
ஆலை மூடிய வாரமே வந்து சேர்ந்தவர்.
"நீதானா?" என்று மேலிருந்து கீழாகப் பார்த்தார்,
பழைய கம்ப்ரசரைப் பார்ப்பதுபோல்,
ஓடுமா, ஓடாதா.

செவ்வாய்தோறும் நான்கு மணி, நூலகத்தின் கண்ணாடி அறை.
ஐந்து வருடத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?
கோப்பிலிருந்து கேட்டேன்.
அவர் ஜன்னலைப் பார்த்தார்.
டுலூத் நகரம் விளக்கு விளக்காக
மலைச்சரிவில் ஏரிக்கு இறங்கிக்கொண்டிருந்தது.
"சூடான இடத்தில்" என்றார்.
படிவத்தில் எழுதினேன்:
இலக்கு தெளிவாக உள்ளது.

பேசியதெல்லாம் வேறு.
பனியில் செத்துப்போகும் கார் பேட்டரி.
பட்டறையில் அவர் தலைக்கு மேலாகவே
ஸ்பேனரைக் கைமாற்றிக்கொள்ளும்
பத்தொன்பது வயதுப் பையன்கள்.
அப்போது எப்படி உணர்ந்தீர்கள்?
"குட்டையாக."

பின்னங்கள் என்றால் பேனாவை மூடிவிடுவார்.
ஒருநாள் பாதிக் கணக்கில் அவரே நிறுத்தினார்.
"இரு இரு. முந்நூறு பேர் சூப்பை
நாற்பது பேருக்குக் குறைப்பேன் தெரியுமா,
ஆலையில் கூட்டம் குறைந்தபோது?
இது அந்தக் கணக்குதான்."
எனக்குச் சூப் வைக்கத் தெரியாது.
தலையாட்டினேன்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய் வரவில்லை.
கார் நிறுத்துமிடத்தில் தேடிப்பிடித்தேன்.
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது,
மடியில் மடித்த விடைத்தாள், ஐம்பத்தொன்று.
கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.
கோப்பு மேலே, அறையில்.
ஒரு கேள்வியும் ஞாபகம் வரவில்லை.
கண்ணாடி முழுக்கப் பனி மூடும்வரை
அவர் வைப்பரைப் போடவில்லை.
உப்புப் போட்ட அதிமதுர மிட்டாய் ஒன்று நீட்டினார்.
வாழ்நாளில் அப்படியொரு மோசமான ருசி கண்டதில்லை.
துப்பவில்லை.
சந்திப்பு நடந்தது, ஐம்பது நிமிடம்
என்று எழுதினேன். வேறெதற்கும் அங்கே இடமில்லை.

மார்ச்சில் ஒரு கான்ட்ராக்டர் அவரை எடுத்துக்கொண்டார்.
நான் விதியை மீறித் தீர்வு சொன்னேன்:
இன்னும் ஒரே பருவம், சான்றிதழ், பொறுங்கள்.
"அந்தச் சான்றிதழை எரித்தால்
எவ்வளவு சூடு வரும்,
கணக்குப் போட்டுச் சொல்லு" என்றார்.
வாடகை இரண்டு மாதம் பாக்கி என்பதைப்
பிறகுதான் சொன்னார்.

கடைசிப் படிவத்தில் இரண்டே கட்டங்கள்.
முடித்தார்.
விலகினார்.
கட்டத்துக்கு வெளியே பென்சிலால்
'வேலைக்குப் போனார்' என்று எழுதிப் பார்த்தேன்.
கணினி பென்சிலைப் படிக்காது.
ஜூன் கூட்டத்தில் திரையில்
என் வரிசை மட்டும் சிவப்பு.

டிசம்பரில் எங்கள் கட்டடத்துப் பாய்லர் நின்றது.
டீன் கோட்டோடு கையெழுத்துப் போட்டார்.
பதினொரு மணிக்கு, பூட்ஸ் நிறையப் பனியோடு,
கையில் பையோடு ஒருவர் வந்தார்.
"ஏய் வழிகாட்டி,
மெயின் வால்வு எந்தப் பக்கம்?"

ஆறு வருடமாக இந்தக் கட்டடத்தில் இருக்கிறேன்.
தெரியவில்லை.

நிலவறையில் டார்ச் பிடித்தேன்.
கொஞ்சம் இடது. இன்னும். கையை ஆட்டாதே.
அவ்வளவுதான் பேச்சு.
எங்கோ குழாய் ஒன்று இருமியது,
பிறகு இன்னொன்று, மாடி மாடியாக.

பில் மறுநாள் என் மேசைக்குத்தான் வந்தது.
தொழிலாளர்: எல். ஹகாலா, ஒன்றரை மணி நேரம்.
கீழே, பேனாவை அழுத்தி:
உதவியாளர் ஒருவர். கட்டணம் இல்லை.